கடல் கடந்த எந்திர மனிதன்
ஹவாய்த் தீவுகளுக்கு ஒரு ஜப்பானிய அறிவியற் கதைத் தொடர் சென்ற வகை

ஒரு நாட்டின் கதை மற்றொரு நாட்டுக்குச் செல்லும்போது இரண்டு வழிகளுள் ஒன்றை மேற்கொள்ளும். தன் மொழியையும் பெயர்களையும் களைந்துவிட்டுச் சென்ற இடத்துக் கதையாகவே மாறிவிடுவது ஒரு வழி. தன் மொழியோடும் பெயர்களோடும் சென்று, கேட்போரைத் தன்பால் ஈர்ப்பது மற்றொரு வழி. முதல் வழி எளிது. வணிகர் பெரிதும் விரும்புவதும் அதுவே. இரண்டாம் வழி அரிது. அவ்வரிய வழியில் சென்று வெற்றி கண்ட கதைகளுள் ஒன்று, பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளுக்கு 1974ஆம் ஆண்டில் சென்ற ‘கிக்காய்டா’ என்னும் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடராகும். சிறுவர்க்கென எடுக்கப்பட்ட இத்தொடர், ஒரு குடியேற்றச் சமூகத்தின் மொழி வரலாற்றில் இடம்பெற்றது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

தீவுக்கு வந்த மக்கள்

ஹவாய் அரசர் கலாகௌவா 1881ஆம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்றிருந்தபோது, தம் நாட்டுக்கு உழைப்பாளரை அனுப்பி உதவுமாறு அந்நாட்டு அரசைக் கேட்டுக்கொண்டார். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1885ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள், ‘சிட்டி ஆஃப் டோக்கியோ’ என்னும் கப்பல் 900க்கும் மேற்பட்ட ஜப்பானியருடன் ஹோனலூலு துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் 1894 வரை ஏறத்தாழ 29,000 பேர் இவ்வாறு வந்தனர். 1898இல் ஹவாய் அமெரிக்க ஐக்கிய நாடுகளோடு இணைக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்போது தீவு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் ஜப்பானிய மரபினராய் இருந்தனர்.

அவர்கள் தம் தலைமுறைகளை எண்ணுப்பெயரால் குறிப்பர். கடல் கடந்து வந்தவர் ‘இஸ்ஸெய்’, அவர் மக்கள் ‘நிஸெய்’, பேரர் ‘ஸன்ஸெய்’, அவர்க்கும் அடுத்தவர் ‘யொன்ஸெய்’. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்னும் எண்களே இப்பெயர்களில் அமைந்துள்ளன. மொழி தேய்ந்த வரலாற்றையும் இவ்வெண்களைக் கொண்டே அளக்கலாம். முதல் தலைமுறை ஜப்பானிய மொழியில் வாழ்ந்தது. இரண்டாவது இரு மொழிகளிலும் பேசியது. மூன்றாவதற்கு ஆங்கிலமும், தோட்டங்களில் பல இனத்தார் கலந்து பேசியதால் பிறந்த ‘பிட்ஜின்’ என்னும் கலப்புப் பேச்சுமே வாய்மொழியாயின.

மொழிப்பள்ளிகளின் நிலை

இம்மக்கள் தம் மொழியைக் காக்க முயலவில்லை என்று கூறுவதற்கில்லை. பகலில் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்று வந்த பிள்ளைகள் மாலையில் ஜப்பானிய மொழிப்பள்ளிக்குச் செல்வது தோட்டந்தோறும் வழக்கமாய் இருந்தது. ஆயின், இப்பள்ளிகள் அமெரிக்கப் பற்றைக் குலைப்பன என்று சிலர் குறை கூறினர். 1920 முதல் இயற்றப்பட்ட சட்டங்கள் இவற்றின் நேரத்தையும் பாடநூலையும் ஆசிரியர் தகுதியையும் கட்டுப்படுத்தின. மாணவர் தொகைக்கேற்ப வரியும் விதித்தன. பள்ளிகள் வழக்கிட்டன. 1927ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ஃபாரிங்டன் எதிர் டோக்குஷிகே’ என்னும் வழக்கில் இச்சட்டங்கள் செல்லா எனத் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்தில் வென்ற பள்ளிகள் போரில் வீழ்ந்தன. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் மொழிப்பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர் பலரும் பௌத்தத் துறவியர் பலரும் சிறைப்படுத்தப்பட்டனர். ஜப்பானிய மொழியைப் பொது இடத்தில் பேசுவதே ஐயத்துக்கு இடமாயிற்று. அமெரிக்க மொழியையே பேசுக என்னும் பரப்புரை நடைபெற்றது. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளிடம் தாய்மொழி பேசுவதை விட்டனர். போருக்குப் பின்னர்ப் பள்ளிகள் சில மீண்டும் திறக்கப்பெற்றன எனினும் பழைய நிலையை அவை எய்தவில்லை. இங்ஙனம், மொழி என்பது பாட்டனாரும் பாட்டியாரும் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒன்றாக ஒதுங்கிய நிலையில்தான் தொலைக்காட்சி தீவுக்கு வந்தது.

தொலைக்காட்சி வந்த வகை

ஹவாயில் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1952ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிற்று. சான்பிரான்சிஸ்கோ நகரம் ஹோனலூலுவிலிருந்து ஏறத்தாழ 3,850 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இத்தொலைவில் படத்தை அனுப்ப அந்நாளில் கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை. எனவே அமெரிக்கப் பெருநிலத்தின் நிகழ்ச்சிகள் படச்சுருளாகவோ ஒளிநாடாவாகவோ பெட்டியில் அடைக்கப்பட்டு வானூர்தியில் வந்தன. ஆங்குக் கண்ட நிகழ்ச்சியைத் தீவினர் ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்தே கண்டனர். 1966ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ‘லானிப் பறவை’ எனப் பெயர் பெற்ற செயற்கைக் கோளின் வழியாக ஒரு காற்பந்துப் போட்டி நேரடியாகக் காட்டப்பட்டபோதுதான் இந்நிலை முதன்முறை மாறியது. அதன் பின்னரும் நெடுங்காலம் பெரும்பாலான தொடர்கள் பெட்டியிலேயே வந்தன.

பெட்டியில் வருவது என்றான பிறகு, அது கிழக்கிலிருந்து வந்தாலென்ன, மேற்கிலிருந்து வந்தாலென்ன? டோக்கியோ நகரம் ஏறத்தாழ 6,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெரிய ஒளிபரப்புக் குழுமங்களின் நிகழ்ச்சிகள் ஏனைய நிலையங்களுக்கே உரியனவாக இருந்தமையால், எந்தக் குழுமத்தையும் சாராத 13ஆம் அலைவரிசை நிலையம் ஜப்பானிய நிகழ்ச்சிகளை நாடிற்று. அதன் பெயர் ‘கிக்கு’. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலையங்களின் அழைப்புக் குறிகள் பெரும்பாலும் ‘கே’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குதல் வேண்டும் என்பது அமெரிக்க விதி. அவ்விதிக்கு உட்பட்டே இந்நிலையம் ஒரு ஜப்பானியச் சொல்லைத் தன் குறியாகப் பெற்றது. ‘கிக்கு’ என்பதற்குச் சாமந்திப்பூ என்பது ஒரு பொருள். கேட்டல் என்பது பிறிதொரு பொருள்.

இந்நிலையத்தை நடத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஜோன் நினோமியா என்னும் பெண்மணியார். கிக்காய்டாத் தொடர் ஹவாய்க்கு வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

கதையும் அதன் கருத்தும்

‘ஜின்ஸோ நிங்கென் கிக்காய்டா’ என்பது தொடரின் முழுப்பெயர். ‘ஜின்ஸோ நிங்கென்’ என்றால் செயற்கை மனிதன். ‘கிக்காய்’ என்றால் எந்திரம். ஷோதாரோ இஷினோமோரி என்னும் புகழ்பெற்ற படக்கதை ஆசிரியர் இதனைப் படைத்தார். தோயெய் நிறுவனம் இதனைப் படமாக்கியது. ஜப்பானில் 1972ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் தொடங்கி 1973ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் முடிய 43 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, நாடே கண்டு நகைத்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போட்டியாக அது நின்றது என்பதும் அறியத்தக்கது.

கதை இதுவே. கோமியோஜி என்பவர் எந்திர மனிதரை ஆக்கவல்ல அறிஞர். பேராசிரியர் கில் என்பவன் தலைமையில் இயங்கும் ‘டார்க்’ என்னும் தீய கூட்டம் அவரைச் சிறைப்படுத்தி, அழிவு செய்யும் எந்திரங்களை ஆக்குமாறு வற்புறுத்துகின்றது. அறிஞரோ மறைவாக ஒரு நல்ல எந்திர மனிதனை ஆக்குகின்றார். அவன் பெயர் ஜிரோ. நன்மை தீமையைத் தானே உணரும் பொருட்டு ‘மனச்சான்றுச் சுற்று’ என்னும் ஒரு கருவியை அவனுள் அமைக்கின்றார். ஆனால் வேலை முடியுமுன் வெடிவிபத்து நேர்கின்றது. அறிஞர் நினைவிழந்து காணாமற் போகின்றார். அவருடைய மகள் மிட்சுக்கோவும் மகன் மசாருவும் தந்தையைத் தேடி அலைகின்றனர். கிட்டாரை ஏந்திய ஜிரோ அவர்களுக்குத் துணையாய் வருகின்றான்.

அவன் மனச்சான்று முற்றுப்பெறாதது. ஆகவே கில் தன் குழலை ஊதினால், ஜிரோ தலையைப் பற்றிக்கொண்டு துடிப்பான். அக்குழலோசை தீமைக்கு அடிபணியுமாறு அவனை ஈர்க்கும். அதனை வென்ற பின்னரே அவன் கிக்காய்டாவாக உருமாற இயலும். உருமாறிய பின் அவன் உடலில் ஒரு பாதி சிவப்பு, மறு பாதி நீலம். தலையின் ஒரு பகுதி கண்ணாடி போன்றது. உள்ளே உள்ள கருவிகள் வெளியே தெரியும். உள்ளத்தின் இரு கூறுகளை உடலிலேயே எழுதிக் காட்டிய உருவம் இது.

மரப்பாவை ஒன்று மனிதனாக விரும்பிய பினோக்கியோவின் கதையையே இஷினோமோரி இதற்கு அடிப்படையாகக் கொண்டார். அவர் வரைந்த படக்கதை துயரமாக முடிகின்றது: தீமையும் உள்ளே புகுந்த பிறகே எந்திரம் மனிதனைப் போன்றதாகின்றது, அங்ஙனம் மனிதனானது இன்பமா என்னும் வினா எஞ்சுகின்றது. தொலைக்காட்சித் தொடர் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. ஆயினும் வெல்ல வேண்டிய பகைவன் வெளியே மட்டுமல்லன், உள்ளேயும் உளன் என்னும் கருத்து சிறுவர்க்கும் விளங்குமாறு அதில் அமைந்திருந்தது.

குரல்மாற்றா, வசன வரியா?

இனி நாம் கருதவேண்டிய தலையாய செய்திக்கு வருவோம். ஜப்பானியத் தொடர்கள் இதற்கு முன்பே அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றிருந்தன. 1963ஆம் ஆண்டில் ‘அட்டோம்’ என்னும் சிறுவன் ஆங்கோர் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஆனான். ‘டெட்சுஜின்’ என்னும் இரும்பு மனிதன் ‘ஜைகாண்டர்’ ஆனான். கோ மிஃபுனே என்னும் பந்தயக்கார் ஓட்டுநன் 1967இல் ‘ஸ்பீட்’ என்னும் அமெரிக்க இளைஞனானான். டப்பிங் எனப்படும் குரல்மாற்று முறையில் அவர்கள் அனைவரும் ஆங்கிலமே பேசினர். அவர்களைக் கண்டு களித்த சிறுவர்களுள் பலர் அவை ஜப்பானியக் கதைகள் என்பதையே அறிந்திலர்.

கிக்கு நிலையம் வேறு வழியை மேற்கொண்டது. நடிகர் குரலை அப்படியே விட்டுவிட்டுத் திரையின் அடியில் ஆங்கில வசன வரிகளை இட்டது. சிறுவர் தொடருக்கு இது துணிவான செயலாகும். சிறுவர் விரைந்து படிக்கமாட்டார். படத்தையும் பார்த்து எழுத்தையும் படிப்பது பெரியவர்க்கே ஓரளவு உழைப்பைத் தரும். ஒரு வரி திரையில் நிற்கும் நேரம் சில நொடிகளே. அதற்குள் படிக்கக்கூடிய அளவுக்குப் பேச்சைச் சுருக்க வேண்டும். சுருக்கினும் பொருள் கெடலாகாது. இத்தடைகளைக் கடந்தும் இம்முறை வென்றது ஏன்?

கூடத்தில் மூன்று தலைமுறையினர் ஒருங்கே அமர்ந்திருக்கும் ஓர் இல்லத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். குரல்மாற்றிய படம் பேரனுக்கு விளங்கும், பாட்டியாருக்கு விளங்காது. வசன வரி இல்லாத ஜப்பானியப் படம் பாட்டியாருக்கு விளங்கும், பேரனுக்கு விளங்காது. ஜப்பானியக் குரலும் ஆங்கில வரியும் சேர்ந்த படமோ இருவர்க்கும் விளங்கும். ஒருவர் காதால் கேட்பார். மற்றவர் கண்ணால் படிப்பார். ஒரே இடத்தில் இருவரும் வியப்பர். ஒரே இடத்தில் இருவரும் நகைப்பர். எழுதப் படிக்க அறியாச் சிறுகுழந்தைக்கு வரியைப் படித்துச் சொல்ல அண்ணனோ அக்காளோ இருப்பர்.

மேலும், ஜப்பானிய மரபினர் அல்லாத பிலிப்பினோ, சீன, போர்த்துகீசிய, ஹவாயியச் சிறுவர்க்கும் ஆங்கில வரிகள் வாயிலைத் திறந்துவிட்டன. ஜப்பானியக் குடும்பத்தாரின் உடைமை போலத் தோன்றிய ஒன்று, தெருவில் விளையாடும் அத்தனை பிள்ளைகளுக்கும் பொதுவுடைமை ஆயிற்று.

போய்த் திரும்பிய சொற்கள்

மொழி ஆராய்வார்க்கு இன்பம் தரும் செய்தி ஒன்று ஈண்டு உண்டு. ஜிரோ உருமாறும்போது கூறும் சொற்களை ஹவாய்ச் சிறுவர் முதலில் மனப்பாடம் செய்தனர். ‘சேஞ்ஜி! சுவிச்சி ஓன்! வன், ட்சூ, சுரீ!’ என்பன அவை. இவை ஆங்கிலச் சொற்களே. மாறு, பொத்தானை அழுத்து, ஒன்று இரண்டு மூன்று என்பதே பொருள். ஆங்கிலத்திலிருந்து ஜப்பானுக்குச் சென்று, அம்மொழியின் ஒலிமுறைக்கேற்ப உயிரெழுத்துகளைப் பெற்று, மீண்டும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளின் வாய்க்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகளோ அவற்றைத் தம் பள்ளி ஆங்கிலம் போல ஒலிக்காமல் ஜிரோ ஒலித்தவாறே ஒலித்தனர்.

பகை எந்திரங்களின் பெயர்களும் அத்தகையனவே. பச்சைக் கும்பிடுபூச்சி, செம்மஞ்சள் எறும்பு என்றாற்போல நிறத்தையும் உயிரினத்தையும் இணைத்து ஆங்கிலச் சொற்களால் ஜப்பானியர் இட்ட பெயர்கள் அவை. எனவே அயன்மொழித் தொடராயினும் சிறுவர் காதுக்குப் பிடிபடும் சொற்கள் ஆங்காங்கே இருந்தன. அச்சொற்களைப் பற்றிக்கொண்டு ஏனைய சொற்களின் ஓசையிலும் அவர்கள் காது பழகிற்று. கிக்காய்டா என்னும் பெயரைக்கூட ஜப்பானில் இறுதியில் ரகர ஒற்று வருமாறு ஆங்கில எழுத்தில் எழுதுவர். ஹவாயிலோ ஜப்பானியர் வாய் ஒலிக்கும் வண்ணமே ரகரமின்றி எழுதினர். செவி வழியே பெற்றதை எழுத்திலும் போற்றினர் எனலாம்.

தீவுச் சிறுவரின் பற்று

1974இல் தொடர் ஒளிபரப்பானதும் சிறுவரிடையே எழுந்த ஆர்வம் நிலையத்தாரும் எதிர்பாராதது. பொம்மைகளும் சட்டைகளும் இசைத்தட்டுகளும் விற்பனையாயின. ஜப்பானிய மொழி அறியாத பிள்ளைகள் தொடக்கப் பாட்டை ஜப்பானிய மொழியிலேயே பாடினர். ஜிரோவாக நடித்த பான் டாய்சுக்கே ஹவாய்க்கு வந்தபோது அவரைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. கிக்காய்டாவைத் தொடர்ந்து அதன் அடுத்த பகுதியான ‘கிக்காய்டா 01’, ‘காமென் ரைடர் வி3’, ‘ரெயின்போமேன்’ முதலிய தொடர்களும் தீவுக்கு வந்தன.

இதன் பொருளை உணரப் போர்க்காலத்தை நினைவுகூர வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் பேச அஞ்சிய மொழியை, அத்தீவின் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இப்போது விளையாட்டுத் திடலில் உரக்கக் கூவினர். சட்டத்தாலும் தீர்ப்பாலும் நிகழாத மாற்றம் இது.

அப்பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராயினர். 2001ஆம் ஆண்டில் தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. நினோமியா அம்மையார் தொடங்கிய ஜே.என். புரொடக்ஷன்ஸ் நிறுவனம் அதனை வசன வரிகளோடு ஒளிவட்டுகளாகவும் வெளியிட்டது. பான் டாய்சுக்கே மீண்டும் வந்தார். தந்தையரும் மக்களும் ஒருங்கே சென்று அவரைக் கண்டனர். 2002ஆம் ஆண்டில் ஹவாய் ஆளுநர் பென் கயெட்டானோ, ஏப்ரல் 12ஆம் நாளைக் ‘கிக்காய்டாத் தலைமுறை நாள்’ என அறிவித்தார். அவர் ஜப்பானிய மரபினர் அல்லர். பிலிப்பினோக் குடியேறியின் மகனார். கதை யாருடையதாகிவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பயனும் எல்லையும்

இத்தொடரால் ஹவாயில் ஜப்பானிய மொழி மீண்டும் தழைத்தது என்று கூறினால் அது மிகையாகும். பிள்ளைகள் கற்றவை சில சொற்கள், சில பாட்டுகள், சில விளிகள், அவ்வளவே. அவர்கள் கண்ணால் படித்தது ஆங்கிலத்தை. ஜப்பானிய எழுத்தை அன்று. வாரம் அரைமணி நேரம் கேட்கும் மொழி நாவில் ஊன்றாது. இல்லத்தில் பேச்சும் பள்ளியில் பயிற்சியும் இன்றி ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை.

இதற்கு அதே தீவுகளில் மற்றொரு சான்றும் உண்டு. தீவின் சொந்த மொழியாகிய ஹவாயியம் 1896ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளிகளில் பயிற்றுமொழி என்னும் நிலையை இழந்தது. கிக்காய்டா ஒளிபரப்பான ஆண்டுகளில், தொலைவிலிருந்து வந்த ஜப்பானிய மொழிக்கு ஓர் அலைவரிசை இருந்தது. மண்ணின் மொழியோ அழிவின் விளிம்பில் நின்றது. 1978இல் அது ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 1984இல் கவாய்த் தீவின் கெக்காஹா என்னும் ஊரில் முழுவதும் ஹவாயிய மொழியிலேயே பயிற்றும் ‘பூனானா லேயோ’ மழலையர் பள்ளி தோன்றிய பின்னரே, சிறுவர் அம்மொழியைப் பேசும் நிலை மீண்டும் பிறந்தது. ‘பூனானா லேயோ’ என்பதன் பொருள் மொழிக்கூடு. கூட்டில் வைத்துத் தாய்ப்பறவை ஊட்டுவதுபோல் நாள்தோறும் ஊட்டியே அம்மொழியை மீட்டனர். பேசும் மக்களை ஆக்குவது இத்தகைய பள்ளியே, கதையன்று.

அங்ஙனமாயின் கதையின் பயன் யாது? மொழியின்மேல் படிந்திருந்த கூச்சத்தை அது துடைத்தது. பாட்டனாரின் பேச்சு பழம்போக்கானது என்றெண்ணிய பிள்ளைக்கு, வீரனும் அப்பேச்சையே பேசுகின்றான் என்று காட்டியது. அயலாரின் பிள்ளையும் அதனை விரும்பக் கண்டபோது, தன் வீட்டு மொழி மதிப்புடையது என்னும் எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் எழுந்தது. மொழி கற்பதற்கு இவ்வெண்ணமே முதற்படி. அப்படியில் ஏறி நிற்கும் பிள்ளைக்கு அடுத்த படியைக் காட்ட ஆசிரியர் அருகில் இருத்தல் வேண்டும்.

சிறுபான்மை மொழியைப் பயிற்றுவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளைகளுக்கு விளங்காது என்று கருதி மொழியையே களைந்துவிட்டுக் கதையை மட்டும் தருவதுண்டு. ஹவாய்ச் சிறுவர் விளங்காத மொழியைக் கண்டு விலகவில்லை. விளங்கிக்கொள்ளச் சிறு துணையொன்று திரையின் அடியில் இருந்தது. கதையும் நல்ல கதையாய் இருந்தது. அவ்விரண்டும் அமைந்தபோது, அவர்கள் அம்மொழியின் ஓசையையே விரும்பிக் கேட்டனர்.